சிறுபடையின் கணக்கு

கொடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூர்ப் பக்கம் ஒரு புல்மேட்டில் நிற்பவர் எதிர்மேட்டில் மேயும் ஆடுகளை எண்ணிவிடலாம். அதே மேட்டிலிருந்து சரிவில் இறங்கிச் சோலைக்குள் நுழைந்தால் பத்தடி தள்ளி நிற்கும் ஆள்கூடக் கண்ணில் படமாட்டார். யூகலிப்டஸும் வாட்டிலும் பைனும் நடப்படுவதற்கு முன், பழனி மலையின் மேல்தளம் முழுக்க இந்த இரட்டை நிலம்தான்: மேடெல்லாம் புல், மடிப்பெல்லாம் சோலை.

உறைபனி, மண், காற்று என்று தாவரவியலார் இதற்கு விளக்கம் சொல்வார்கள். போரைக் கணக்காகப் பார்க்கிறவர்களுக்கு இந்த நிலம் வேறொன்றையும் காட்டுகிறது. இரண்டு படைகள் அந்தப் புல்மேட்டில் மோதினால் இழப்பைச் சொல்ல ஒரு சூத்திரம். சில நூறு அடி தள்ளிச் சோலைக்குள் மோதினால் இன்னொரு சூத்திரம். சிறிய படை பெரிய படையை வென்ற கதைகள் பலவற்றில் இந்தச் சூத்திர மாற்றம் ஒளிந்திருக்கிறது. அப்படி வென்றவர்களுக்கு அந்த வெற்றியே ஏன் இவ்வளவு பெரிய சுமையானது என்பதற்கும் அதே கணக்கு பதில் வைத்திருக்கிறது.

சிலர் பலரை வெல்வது நமக்கு மிகப் பழைய வியப்பு. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் இளம் வயதில் சேரன், சோழன், வேளிர் ஐவர் என எழுவரை எதிர்த்து வென்றான் என்பதைச் சங்கப் புலவர்கள் மறுபடி மறுபடி பாடியிருக்கிறார்கள். திருவாரூர்ப் பக்கத்துச் சமவெளியில் நடந்த போர் அது. எந்தப் பக்கம் எத்தனை பேர், எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற எண்ணிக்கை அந்தப் பாட்டுகளில் இல்லை. ஆகவே கணக்குப் போட்டுப் பார்க்க நாம் வேறொரு போர்க்களத்துக்குப் போயாக வேண்டும். அதற்கு முன் கணக்கைத் தெரிந்துகொள்வோம்.

அதைத் தந்தவர் படைத்தலைவர் இல்லை, கார் செய்த பொறியாளர். ஃபிரடெரிக் லான்செஸ்டர் பிரிட்டனில் பெட்ரோல் கார் தயாரித்த முன்னோடிகளில் ஒருவர். 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது, விமானம் வந்தபின் போர் எப்படி மாறும் என்று பொறியியல் பத்திரிகை ஒன்றில் கட்டுரைகள் எழுதினார்; 1916இல் அவை நூலாயின. அதில் ஓர் எளிய கேள்வி: ஆள் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் படையின் வலிமை எத்தனை மடங்காகும்? ஏறத்தாழ அதே காலத்தில், 1915இல், ரஷ்யாவில் ஒசிபோவ் என்பவரும் தனியாக இதே விடைக்கு வந்து சேர்ந்தார்.

முப்பது பேரும் இருபது பேரும் திறந்த புல்மேட்டில் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திறமை சமம், ஆயுதம் சமம், யாரும் ஓடமாட்டார்கள். முப்பது பேரின் குண்டுகள் இருபது பேர் மீது பாய்கின்றன. இருபது பேரின் குண்டுகள் முப்பது பேரிடையே சிதறுகின்றன. சிறுபடைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஆபத்து இரண்டு வழியில் கூடுகிறது: அவரைச் சுடுகிறவர்கள் அதிகம், அந்தக் குண்டுகளைப் பங்கிட்டுக்கொள்ளக் கூட நிற்பவர்கள் குறைவு. அதனால் வலிமையை எண்ணிக்கையால் அளக்கக் கூடாது, எண்ணிக்கையின் வர்க்கத்தால் அளக்க வேண்டும் என்றார் லான்செஸ்டர். முப்பதின் வர்க்கம் 900. இருபதின் வர்க்கம் 400. கழித்தால் 500, அதன் வர்க்கமூலம் 22 சொச்சம். இருபது பேரும் விழுந்து முடியும்போது எதிர்ப்பக்கம் 22 பேர் நின்றுகொண்டிருப்பார்கள். இருபது பேரை ஒழிக்க அவர்கள் கொடுத்த விலை எட்டே பேர்.

இதே ஐம்பது பேரையும் மலையின் தென்சரிவுக்குக் கொண்டுபோவோம். பெரியகுளம் பக்கத்திலிருந்து கும்பக்கரை வழியாக வெள்ளகவிக்கும் அங்கிருந்து கொடைக்கானலுக்கும் ஏறுகிற பழைய ஒற்றையடிப் பாதை இருக்கிறதே, அதில் நிறுத்துவோம். துப்பாக்கியை வாங்கிவிட்டுக் கையில் வாள் கொடுப்போம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முன்னால் நிற்கும் ஒருவரோடு ஒருவர்தான் மோத முடியும். பின்னால் இருபத்தொன்பது பேர் வரிசையில் நின்றாலும் அவர்களால் ஆவது ஒன்றுமில்லை. இங்கே ஒருவருக்கு ஒருவர் விழுவார்கள். கடைசியில் முப்பதிலிருந்து இருபது போகப் பத்துப் பேர் மிஞ்சுவார்கள். பெரும்படைதான் இங்கும் ஜெயிக்கிறது. ஆனால் மேட்டில் எட்டுப் பேராக இருந்த விலை பாதையில் இருபதாகிவிட்டது. எந்தத் தளபதியும் இறங்கத் தயங்குகிற விலை அது.

முதலாவதை வர்க்க விதி என்றும் இரண்டாவதை நேர்கோட்டு விதி என்றும் சொல்கிறார்கள். அடர்ந்த சோலையும் அந்த ஒற்றையடிப் பாதை போலத்தான் வேலை செய்கிறது. குண்டு எட்டுகிற தூரத்தில் எதிரி இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், எத்தனை துப்பாக்கி இருந்தும் ஒரே இலக்கில் குவிக்க முடியாது.

என்னை மிகவும் கவர்ந்த கணக்கு இனிமேல்தான் வருகிறது. திறந்த வெளியிலேயே இருபது பேர் முப்பது பேரை வெல்ல வழி உண்டா? எதிரிகளைப் பிரித்துத் தனித்தனியாகச் சந்தித்தால் உண்டு. பதினைந்து, பதினைந்து என இரண்டாகப் பிரித்தால் போதாது. 400இல் 225 போனால் 175. அடுத்த 225ஐத் தாங்க அது காணாது. பத்துப் பத்தாக மூன்று கூட்டமாகப் பிரித்தால் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு கூட்டத்தின் வர்க்கமும் 100. 400இல் 300 கழிந்து 100 மிஞ்சும்; அதன் மூலம் பத்து. முப்பது பேரும் விழுந்தார்கள். ஜெயித்த இருபது பேரில் நிற்பவர்கள் பத்துப் பேர்.

இவ்வளவு சாதகத்தையும் கையில் கொடுத்த பிறகுதான் இந்த வெற்றி. எதிரி மூன்று துண்டாகக் கிடந்தான், ஒவ்வொரு துண்டையும் தனியே பிடிக்க முடிந்தது. ஆனாலும் பாதிப் படை போய்விட்டது. நாளைக்கு இன்னொரு முப்பது பேர் வந்தால் நிற்க ஆள் இல்லை.

பிரிக்கும் வாய்ப்பும் கிடைக்காவிட்டால் திறமையால் ஈடுகட்டலாமா? அதற்கும் கணக்கு உண்டு. எண்ணிக்கை வர்க்கமாக ஏறுகிறது, திறமை அப்படி ஏறுவதில்லை. எதிரியில் பாதி ஆள் இருந்தால் ஒவ்வொருவரும் நான்கு மடங்கு திறமைசாலியாக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒன்பது மடங்கு. அத்தகைய வீரர்களைக் கதைகளில்தான் பார்க்க முடியும்.

இப்போது போர்க்களத்துக்குப் போகலாம். வருடம் 1863. கொடைக்கானலில் வியர் ஹென்றி லெவிஞ் ஓடையை மறித்து, இன்று நாம் படகு விடும் ஏரியை உருவாக்கிய ஆண்டு. அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பு, 1845இல், கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிக் குடியேறியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார். ஏரி நிரம்பிய அந்த ஆண்டில் அவர்களுடைய தாய்நாடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருந்தது. அடிமை முறையைக் காப்பாற்றத் தென் மாநிலங்கள் பிரிந்து போயிருந்தன. மே மாத முதல் வாரத்தில் வர்ஜீனியாவில் சான்சலர்ஸ்வில் என்ற சிற்றிடத்தில் இரு படைகளும் மோதின. வடக்குப் படைக்கு ஜோசஃப் ஹூக்கர் தலைவர், கையில் 1,30,000 பேருக்கு மேல். தெற்குக்கு ராபர்ட் லீ, கையில் சுமார் 60,000 பேர். லீயின் திறமையான தளபதிகளில் ஒருவரான லாங்ஸ்ட்ரீட் இரண்டு டிவிஷன்களோடு தொலைவில் இருந்தார்.

வர்க்கம் போட்டுப் பாருங்கள். பதின்மூன்றின் வர்க்கம் 169, ஆறின் வர்க்கம் 36. திறந்த வெளியில் நின்றிருந்தால் வடக்கின் வலிமை நாலரை மடங்குக்கும் மேல். போர் ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டும்.

அங்கே நிலம் குறுக்கிட்டது. சான்சலர்ஸ்வில்லைச் சுற்றியிருந்த காட்டை அந்த ஊர்க்காரர்கள் வில்டர்னஸ் என்றார்கள். பெயர் ஆதிவனம் மாதிரி ஒலித்தாலும் அது மனிதர் கைபட்ட காடு. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து அங்கே இரும்பு உருக்கும் உலைகள் இருந்தன. உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். பெருமரங்களை வெட்டி முடித்த இடத்தில் கொடியும் முள்ளும் ஒல்லி மரங்களுமாக இரண்டாம் முறை முளைத்த காடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பீரங்கியை நிறுத்தினால் சுடுவதற்குப் பார்வை கிடையாது. ஒரு படைப்பிரிவு பக்கத்துப் பிரிவைப் பார்க்க முடியாது.

மே 1 அன்று ஹூக்கரின் படை இந்தக் காட்டைக் கடந்து கிழக்கே திறந்த நிலத்துக்கு வந்துவிட்டது. எண்ணிக்கை பேசக்கூடிய இடம் அது. லீயின் ஆட்கள் எதிர்த்ததும் ஹூக்கர் தம் படையைத் திரும்பக் காட்டுக்குள் அழைத்துக்கொண்டார். அவருடைய அதிகாரிகள் பலரால் அதை நம்பவே முடியவில்லை. வர்க்க விதி ஆளும் நிலத்தைவிட்டு, தம் பெரும்படையோடு நேர்கோட்டு விதி ஆளும் நிலத்துக்கு அவர் தாமாகவே நடந்து போனார். போரின் திருப்பம் பெரும்பாலும் அங்கேயே நடந்துவிட்டது என்று நினைக்கிறேன். மறுநாள் நடந்ததைத்தான் உலகம் அதிகம் பேசுகிறது.

மறுநாள் லீ தம் சிறுபடையைத் துண்டாக்கினார். ஒரு பகுதி ஏற்கெனவே ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் நின்றது. மிஞ்சியதில் சுமார் 28,000 பேரை ஸ்டோன்வால் ஜாக்சனிடம் கொடுத்துவிட்டு, ஹூக்கரின் எழுபதாயிரம் பேருக்கு எதிரே தாம் சுமார் 14,000 பேரோடு நின்றார். ஜாக்சன் எதிரியைச் சுற்றிக்கொண்டு சுமார் இருபது கிலோமீட்டர் காட்டுக்குள் நடந்தார். அந்த வழி வரைபடத்தில் இல்லை. உலைக்கு விறகும் தாதுவும் இழுக்க அண்மையில் வெட்டிய பாதை அது. உலைக்காரர் வெல்ஃபோர்டு சொல்லித்தான் படைக்கே தெரிந்தது. பழனி மலையில் பளியர் பழங்குடியினருக்குத் தெரிந்த தடங்களை இதனோடு வைத்துப் பார்க்கலாம்: அந்நியருக்குக் காடு சுவர், அங்கே பிழைப்பவருக்கு அதில் வாசல்கள் உண்டு.

வடக்குப் படையினர் சிலர் ஓர் இடைவெளியில் அந்த நெடுவரிசையைப் பார்த்தார்கள். பின்வாங்குகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு, வலது ஓரத்தில் இருந்த பதினோராம் கோர் என்னும் படைப்பிரிவு இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, காட்டிலிருந்து மான்களும் முயல்களும் அவர்களை நோக்கி ஓடிவந்தன. சிரித்துக்கொண்டிருந்தார்கள். விலங்குகளைத் துரத்திக்கொண்டு வந்தது ஜாக்சனின் படை.

அந்த ஓரத்தில் இருந்தவர்கள் சுமார் 11,000 பேர். வந்தவர்கள் இருபத்தெட்டாயிரம். 28இன் வர்க்கம் 784, 11இன் வர்க்கம் 121: ஆறரை மடங்கு. போரை முழுதாகப் பார்த்தால் லீயின் படை சிறியது. அந்த மாலையில், அந்த ஓரத்தில், அதுதான் பெரும்படை. வர்க்க விதியை லீ உடைக்கவில்லை. அது தமக்கு வேலை செய்யும்படி ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டார். ஐம்பத்தெட்டு ஆண்டு முன்பு டிரஃபால்கரில் நெல்சன் கடலில் செய்ததும் இதுதான்: 33 கப்பல்களை 27 கப்பல்களால் எதிர்க்க, அணியை நடுவில் உடைத்து ஒரு பகுதியை மட்டும் முதலில் வளைத்தார். லான்செஸ்டரே தம் நூலில் நெல்சனின் திட்டத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

நெல்சன் அந்த வெற்றியில் இறந்தார். ஜாக்சனுக்கும் அதுவே நேர்ந்தது. மே 2 இரவு, தாக்குதலைத் தொடர வழி பார்க்கத் தம் அணிக்கு முன்னால் குதிரையில் போனவரை, இருட்டில் எதிரி என்று நினைத்து அவருடைய படையின் வட கரோலினா வீரர்களே சுட்டார்கள். மூன்று குண்டுகள். இடது கையை வெட்டி எடுத்தார்கள். மே 10 அன்று நிமோனியாவில் இறந்தார், வயது 39. எந்தக் காடு அவர் படையைப் பகல் முழுக்க மறைத்ததோ, அதே காடு இரவில் அவரை அவர் ஆட்களிடமிருந்தும் மறைத்தது. நிலத்தின் உதவிக்கு இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. மே 3 அன்று சண்டை தொடர்ந்தபோது காய்ந்த சருகு தீப்பிடித்தது. எழுந்து நகர முடியாமல் கிடந்த காயம்பட்டவர்கள், இரு தரப்பிலும், உயிரோடு எரிந்தார்கள்.

ஹூக்கர் ஆற்றைக் கடந்து பின்வாங்கினார். வென்றது லீ. இழப்பு: வடக்கில் சுமார் 17,000 பேர், தெற்கில் சுமார் 13,000 பேர். எண்ணைப் பார்த்தால் தோற்றவருக்கே அதிகம் போலத் தெரியும். பங்காகப் பாருங்கள். வடக்கு இழந்தது எட்டில் ஒருவரை. தெற்கு இழந்தது ஐந்தில் ஒருவருக்கும் மேல். புல்மேட்டில் நாம் போட்ட கணக்கின் இருபது பேர்தான் இது: ஜெயித்து நிற்கும்போது கை மெலிந்துவிட்டது.

ஆள் ஏன் குறைவு என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். பிரிந்துபோன தென் மாநிலங்களின் மக்கள் சுமார் 90 லட்சம். அதில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் அடிமைகள். தங்களை விலங்கிட்ட நாட்டுக்காக அவர்கள் துப்பாக்கி தூக்கப் போவதில்லை. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்குப் படையில் சேர்ந்தார்கள்; அவர்களில் பலர் அடிமைத்தளையிலிருந்து வந்தவர்கள். லீயின் படை சிறுத்துப் போனதற்கு அது எதற்காகப் போரிட்டதோ அதுவே ஒரு காரணம். படைத்தலைவர்களின் சாமர்த்தியத்தை வியக்கிற புத்தகங்கள் பல இதை ஓரமாக ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. களக் கணக்கில் அடிமைகளும் ஓர் எண்; அவர்கள் நின்ற பக்கம் கனத்தது.

இரண்டு மாதம் கழித்து கெட்டிஸ்பர்க். ஜூலை 3 அன்று சுமார் 12,500 பேரை லீ ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட திறந்த வயல்வெளியில் நடக்கவிட்டார். இந்த முறை காடு இல்லை, எதிரில் பீரங்கி வரிசை. போனவர்களில் பாதிக்கு மேல் விழுந்தார்கள். மூன்று நாள் போரில் அவர் படையில் மூன்றில் ஒரு பங்கு போனது. அடுத்த ஆண்டு மே மாதம் அதே வில்டர்னஸ் காட்டுக்குள் புதிய வடக்குத் தளபதி கிராண்டை லீ சந்தித்தார். மறுபடியும் காடு வேலை செய்தது: வடக்கின் இழப்பு சுமார் 18,000, தெற்கின் இழப்பு சுமார் 11,000. மறுபடியும் காட்டுக்குள், புகையில், தெற்குத் தளபதி ஒருவரைத் தெற்கு வீரர்களே சுட்டார்கள். இந்த முறை லாங்ஸ்ட்ரீட், உயிர் பிழைத்தார். கிராண்ட் மட்டும் ஹூக்கர் செய்ததைச் செய்யவில்லை. பின்வாங்காமல் தெற்கு நோக்கி நகர்ந்தார். இழந்ததை ஈடுகட்ட அவருக்கு ஆள் வந்துகொண்டிருந்தது, லீக்கு வரவில்லை.

சமன்பாடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கடைசி ஆள் விழும்வரை எந்தப் படையும் நிற்பதில்லை. பத்தில் ஒருவர் விழுந்ததும் ஓடிய படைகள் உண்டு, பாதி விழுந்தும் நின்ற படைகள் உண்டு. பயம், பசி, மழை, புரளி எதற்கும் அதில் இடமில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரின் இவோ ஜிமா சண்டையை எடுத்து, நாள்தோறும் களத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கையோடு 1954இல் எங்கெல் என்பவர் ஒப்பிட்டபோது, வர்க்க விதியின் கோடு வியக்கும்படி பொருந்தியது.

நம் மலைக்குத் திரும்புவோம். ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் வழியில், மலையடிவாரத்தில் விருப்பாட்சி. வாழைப்பழத்தால் இன்று பெயர் பெற்ற ஊர். பாளையக்காரர் கோபால நாயக்கர் வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த இடம். 1800இல் திண்டுக்கல், சிவகங்கை, பாஞ்சாலங்குறிச்சி, கொங்கு என்று பரந்த ஒரு கூட்டணியைக் கட்ட முயன்றவர்களில் அவர் முக்கியமானவர். எதிரில் கம்பெனிப் படை. அதில் துப்பாக்கி தூக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். எட்டயபுரமும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் கம்பெனி பக்கம். ஒருவகையில் அதுவும் உள்நாட்டுப் போர்தான்.

தலைக்கணக்கில் பாளையக்காரர்கள் பக்கம் ஆள் குறைவில்லை. குறைவாக இருந்தவை பீரங்கியும் பயிற்சி பெற்ற துப்பாக்கி அணியும். அந்தக் குறையை நிலத்தால் ஈடுகட்டப் பார்த்தார்கள். கோட்டையைச் சுற்றி முட்காடு வளர்ப்பது நம் ஊரில் சங்க காலத்திலிருந்தே வழக்கம்; காவற்காடு என்றார்கள், மிளை என்றார்கள். காளையார்கோவிலைச் சுற்றி மருது சகோதரர்களுக்கு அப்படி ஒரு காடு இருந்தது. 1801இல் கர்னல் அக்னியூ சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்கு அந்தக் காட்டை வெட்டிச் சாலை போட முனைந்தார். வாரக்கணக்கில் கோடரி விழுந்தது. வெட்டுகிறவர்களைக் காட்டுக்குள்ளிருந்து தாக்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கம்பெனி அந்த வேலையைக் கைவிட்டது. தன் எண்ணும் குண்டும் பேசுகிற மாதிரி நிலத்தைத் திறந்துவிட ஒரு படை இவ்வளவு பாடுபட்டது என்றால், அந்த முட்காடு எவ்வளவு கனமான ஆயுதம் என்று புரிந்துகொள்ளலாம்.

தோல்வி வேறு வழியில் வந்தது. கோயம்புத்தூரை 1800 ஜூனில் பல பக்கமிருந்தும் ஒன்றாகத் தாக்கும் திட்டம் சிதறிப்போனது. பிடிபட்ட நாற்பத்திரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள். 1801ஆம் ஆண்டின் முற்பகுதியில் விருப்பாட்சி விழுந்தது. மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சி. அக்டோபர் 1 அன்று, பல திசைகளிலிருந்து நுழைந்த படைகளிடம் காளையார்கோவில். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பத்து, பத்து, பத்து என்ற அந்தக் கணக்கு கண்முன் நிற்கிறது. மொத்தத்தில் பெரிதாக இருந்த ஒரு கூட்டணி ஒருநாளும் ஒரே இடத்தில் பெரிதாக இருக்க முடியவில்லை. நம் பக்கத்து வீரம் குறைந்ததாக எந்தச் சான்றும் இல்லை. மார்ச் மாத இறுதியில் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையை ஏறவந்த கம்பெனிப் படையைப் பெரும் இழப்போடு துரத்தியடித்திருந்தார்கள். ஆனால் கம்பெனிக்குப் புது ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கோபால நாயக்கர், மருது சகோதரர்கள், ஊமைத்துரை எல்லோரும் அந்த ஒரே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார்கள்.

மனிதர்களைவிட்டு இன்னும் பழைய போர்வீரர்களிடம் போகலாம். எறும்புகளுக்கும் லான்செஸ்டரின் விதிகள் பொருந்துமா என்ற கேள்வியை 1993இல் ஃபிராங்க்ஸ், பார்ட்ரிட்ஜ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். வெள்ளமாகப் பாயும் படையெறும்புகள் எண்ணிக்கையை ஒரே இடத்தில் குவிக்கின்றன. வர்க்க விதிக்கேற்ற உத்தி அது. பிற எறும்புகளின் கூட்டை மிகச் சிலரோடு போய்க் கொள்ளையடிக்கும் இனங்களோ எதிரிகளைக் குழப்பும் வேதிப்பொருளைத் தெளிக்கின்றன. கூட்டமாக எதிர்க்க வேண்டியவை சிதறி ஓட, சண்டை ஒற்றைக்கு ஒற்றையாகிவிடுகிறது. பாதை குறுகலாக இல்லாத இடத்தில் வாசனையாலேயே குறுகலாக்கிக்கொள்கின்றன.

2023இல் ஆஸ்திரேலியாவில் இதை நேராகவே சோதித்தார்கள். முதலில் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்ற கணினி விளையாட்டில் சில வலிய வீரர்களைப் பல எளிய வீரர்களோடு மோதவிட்டார்கள். பிறகு உண்மையான எறும்புகள்: அந்நாட்டின் பெரிய இறைச்சி எறும்புகள் இருபது, எதிரே வெளியிலிருந்து வந்து பரவிய சிறிய அர்ஜென்டினா எறும்புகள் இருநூறு வரை. சமதளத் தட்டில் ஒரு முறை, மரக்கீற்றுகளால் சந்துபொந்து உண்டாக்கிய தட்டில் ஒரு முறை. சந்துபொந்து உள்ள தட்டில் இறைச்சி எறும்புகள் குறைவாகவே இறந்தன. வில்டர்னஸும் காளையார்கோவிலும் ஒரு தட்டுக்குள் அடங்கிவிட்டன.

அந்த ஆய்வாளர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. மனிதர் நிலத்தைச் சீர்செய்து, விழுந்த கட்டையையும் புதரையும் சருகையும் அகற்றித் தட்டையாக்கும்போது, கூட்டத்தால் வெல்லும் அந்நிய எறும்புகளுக்கு அது சாதகமாகலாம் என்று சொன்னார்கள். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2022இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் கிறுக்கெறும்புகள் பெருகி, ஆடுமாடுகளின் கண்களைத் தாக்குவதாக விவசாயிகள் கலங்கி நின்றார்கள். இந்த எறும்பு கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. தனியாக ஒன்று வந்தால் பொருட்டில்லை. அதன் பலம் முழுக்க வர்க்கத்தில் இருக்கிறது. மலைக்காட்டின் தரையில் கிடக்கும் மக்கிய கட்டையையும் சருகையும் குப்பை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

விலையைக் குறைக்கும் வித்தையிலும் எறும்புகள் நம்மைவிட முன்னால் இருக்கின்றன. மலையடிவாரத்து மாந்தோப்புகளில் இலைகளை இழுத்து, புழுக்களின் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டுகிற முசுறு எறும்பை எல்லோரும் அறிவோம். மரமேறியவர்கள் தோலால் அறிவோம். ஒரு முசுறுக் குடும்பம் பல மரங்களை ஆளும். பக்கத்துக் குடும்பமும் அதே இனம்தான், ஆனாலும் எல்லையில் சந்தித்தால் சாகும்வரை சண்டை. எல்லை ஓரத்து மரங்களில் காவல் கூடுகள் இருக்கும். ஹோல்டாப்ளர் என்ற எறும்பியலாளர் அந்தக் கூடுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் இருந்தவை பெரும்பாலும் வயது முதிர்ந்த வேலைக்கார எறும்புகள் என்று கண்டார். இளையவை உள்ளே ராணியையும் குஞ்சுகளையும் பார்த்துக்கொள்கின்றன. முன்வரிசையில் நிற்பவை எப்படியும் சில நாளில் ஆயுள் முடியப்போகிறவை. ஆகவே எல்லையில் ஒன்று விழுந்தால் கூட்டம் இழப்பது அதன் மிஞ்சிய சில நாள் உழைப்பை மட்டும்தான். இருபதில் பத்து போனாலும், அந்தப் பத்து எந்தப் பத்து என்பதை முசுறுக் கூட்டம் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது.